முறிவு வைத்தியர் அவிழ்த்த கட்டு

சுகாதாரக் கல்விப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, பேச அழைத்தவர்கள் எனக்கு "ஒருங்கிணைந்த மருத்துவம்" என்ற தலைப்பைத் தந்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்கு அப்படியொரு பெயர் இருக்கவில்லை. ஆங்கில வைத்தியம், நாட்டு வைத்தியம் என்று இரண்டு இருந்தன. நோயாளி இரண்டு பக்கமும் போவார். இங்கே வந்தால் அங்கே போனதைச் சொல்லமாட்டார், அங்கே போனால் இங்கே வந்ததைச் சொல்லமாட்டார். ஏச்சு விழும் என்ற பயம். அந்த இரண்டு பக்கத்தாரையும் ஓர் அறையில் இருத்திப் பேச வைப்பதும், அவர்கள் பேசியதை ஊருக்குள் கொண்டுபோவதும்தான் என் உத்தியோகம்.

அதை எப்படிச் செய்வது என்பதற்கு இப்போது வழிகாட்டிப் புத்தகங்கள் வந்துவிட்டன. வாசியுங்கள். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது ஒரு முறிந்த காலைப் பற்றி.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்தபோது எனக்குச் சிங்களம் அரைகுறை, குளிர் புதிது. கட்டுக்கலையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். காலையில் வாவிக்கரையால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். எங்கள் வகுப்பறை ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி. ஜன்னலைத் திறந்தால் மரங்களுக்கிடையில் ஒரு துண்டுத் தண்ணீர் தெரியும். அந்த அறையில் எப்போதும் இரண்டு மணம் கலந்திருக்கும்: பிளாஸ்டர் மாவின் ஈர மணம், நல்லெண்ணெயின் மணம். இன்றைக்கும் எங்காவது அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் நின்றுவிடுவேன்.

ஆனால் முதல் வகுப்பு படுதோல்வி.

எலும்பு முறிவைத்தான் முதலில் எடுத்தோம். கண்டியைச் சுற்றியிருந்த ஊர்களில் யாருக்காவது கை கால் முறிந்தால், பெரும்பாலானோர் முதலில் போவது முறிவு வைத்தியரிடம்தான். மூங்கில் சிம்பு வைத்து, பச்சிலை அரைத்துப் பூசி, துணியால் கட்டுவார்கள். அவர்களில் பலரை அழைத்திருந்தோம். எதிரில் எங்கள் ஆஸ்பத்திரியின் அறுவை வைத்தியர், சேர்ஜன். நல்ல மனிதர், கெட்டிக்காரர், முன்கோபி. அவர் எடுத்த எடுப்பில் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு குழந்தையின் கை. கட்டு இறுகி, இரத்தம் ஓடாமல், விரல்கள் கறுத்துப் போயிருந்தன.

"இந்தக் கையை நான் வெட்டி எடுத்தேன்" என்றார் சிங்களத்தில். "உங்களில் ஒருவர் கட்டிய கட்டு இது."

பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சாரம், முழுக்கைச் சட்டை, நரைத்த கொண்டை. தெல்தெனியவுக்கு அப்பால், ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறும் வீதியோரம் வைத்தியம் பார்த்தவர். சிங்களவர்கள் வைத்தியரை மரியாதையாக அழைப்பது போல நாங்களும் அவரை வெதமாத்தயா, அதாவது வைத்திய ஐயா, என்றே அழைத்தோம். கடைசிவரை எனக்கு அவர் வெதமாத்தயாதான்.

"டொக்டர் மாத்தயா, பிளாஸ்டர் போட்டுக் கோணிப்போன கைகள் என்னிடம் வருகின்றன" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நான் படம் பிடித்து வைப்பதில்லை."

அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். சேர்ஜன் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "உண்மையைச் சொன்னால் பொறுக்கவில்லை" என்று முணுமுணுத்தார்.

அந்த வகுப்புக்கு உதவியாக எங்களோடு ஒரு மூத்த தாதி இருந்தார். கண்டி முஸ்லிம் குடும்பத்துப் பெண்மணி, அவர் தமிழில் "இருந்தது" "ஈந்திச்சு" ஆகும். எல்லோருக்கும் சிஸ்டர். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் தந்தது. வெறும் கதிரைகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"டொக்டர் செல்லினது உண்மைதான் மகள். ஆனா அந்தப் படத்த அவங்கட மொகத்துல எறிஞ்ச மாதிரி ஈந்திச்சு. அடி வாங்கினவன் படிக்க மாட்டான், அடிச்சவன் யாருன்னு பார்த்துக்கிட்டு ஈப்பான்."

பிள்ளைகளே, அந்தப் படம் பொய்யில்லை. அந்தக் குழந்தை பொய்யில்லை. இருந்தும் அன்று ஒருவரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. நீங்கள் சமூகத்திடம் கொண்டுபோகும் உண்மைகளில் பல இப்படித்தான் கூர்மையாக இருக்கும். எந்தப் பக்கத்தைப் பிடித்து நீட்டுவது என்று போகுமுன் யோசியுங்கள்.

சிஸ்டரும் நானும் வெதமாத்தயாவின் வீட்டுக்குப் போனோம். தென்னக்கும்புரப் பாலம் கடந்து, குண்டசாலை, பல்லேகல, பிறகு பழைய தெல்தெனிய. அந்தப் பட்டணம் இப்போது நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. அப்போது அங்கே கடைகளும் ஒரு பெரிய அரசமரமும் இருந்தன. அங்கிருந்து மேலேறி, வீதியிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையில் திரும்பி, வயல் ஓரமாகப் போனால் அவர் வீடு. முதல் தடவை தேநீரும் கித்துள் கருப்பட்டியும் தந்தார். வகுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த தடவையும் அப்படித்தான். எனக்கு ஆச்சரியம் தந்தது அவருடைய தமிழ். மேலேயிருந்த தோட்டத்துத் தொழிலாளர்கள்தான் அவரிடம் அதிகம் வருவார்கள். அவர்களிடம் பேசிப் பழகிய தமிழ். யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு அவர், "வாங்க மிஸ், ஒக்காருங்க, கால் நனைஞ்சு போச்சா?" என்பார். நான் பேசுவது அவருக்குப் பாதி புரியாது, ஆமாம் என்பதற்கு நாங்கள் "ஓம்" என்பதுகூட. சிஸ்டர் இடையில் இருந்து மொழிபெயர்ப்பார், தமிழிலிருந்து தமிழுக்கு.

ஒரு நாள் அவராகவே கேட்டார்.

"அந்த டொக்டரு அவரு கைய என்கிட்ட குடுப்பாரா?"

"எதற்கு?"

"நான் கட்டிக் காட்டுறேன். அவரும் என் கையில பிளாஸ்டர் போடட்டும். பேசுறத விட அது நல்லது."

இதைச் சேர்ஜனிடம் சொல்ல நான் தயங்கினேன். சிஸ்டர்தான் சொன்னார். சேர்ஜன் தன் முன்னங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

அந்த இரண்டாவது வகுப்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முறிவு வைத்தியர்கள் ஒரு பக்கம், இளம் டொக்டர்மாரும் தாதிமாரும் மறுபக்கம். நடுவில் சேர்ஜன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்க, வெதமாத்தயா அவர் முன்னங்கையில் சிம்பு வைத்துச் சுற்றுகிறார். பிறகு சேர்ஜன் ஒற்றைக் கையால், ஒரு தாதியின் உதவியோடு, வெதமாத்தயாவுக்குப் பிளாஸ்டர் போடுகிறார். இரண்டு பேரும் தங்கள் வித்தையைக் காட்டவேண்டுமென்ற வீம்பில் கொஞ்சம் அழுத்தமாகவே கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. தேநீர் வந்தது. கோப்பையைப் பிடிக்கப் போன சேர்ஜன், "எனக்கு விரல் விறைக்கிறதே" என்றார். எதிரில் இருந்த வெதமாத்தயா தன் விரல்களை அசைத்துப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு, "எனக்கும்தான்" என்றார். அறையே சிரித்தது. அவர்கள் இருவரும்கூடச் சிரித்தார்கள்.

சிஸ்டர் இருவர் நடுவிலும் போய் நின்று, ஒவ்வொருவரின் நகத்தையும் அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த நகத்தில் சிவப்பு மெதுவாகத் திரும்பி வந்தது.

"வெரலுக்கு யாரு கட்டினதுன்னு தெரியாது" என்றார். பிறகு அதைச் சிங்களத்திலும் சொன்னார்.

அன்றைக்கு ஒரு பாடம் பிறந்தது. கட்டிய பிறகு வலி குறையவேண்டும். கூடினாலோ, விரல் குளிர்ந்தாலோ, மரத்தாலோ, நகத்தை அழுத்தினால் சிவப்பு திரும்ப நேரம் எடுத்தாலோ, கட்டியவரிடமே ஓடவேண்டும். கட்டியவர் உடனே அவிழ்க்கவேண்டும். அவிழ்த்தும் சரிவராவிட்டால் தாமதிக்காமல் சேர்ஜனிடம் அனுப்பவேண்டும். பிளாஸ்டருக்கும் இதே விதி, மூங்கில் சிம்புக்கும் இதே விதி. யாரும் யாரையும் பழிக்காத பாடம் என்பதால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அதை ஊர் ஊராகக் கொண்டுபோனோம். என் வாழ்க்கையின் மிக இனிய நாட்கள் அவை. ஆஸ்பத்திரி வானில் சிஸ்டரும் நானும், சில நாட்களில் வெதமாத்தயாவும். ஹுன்னஸ்கிரியவில் மூடுபனி இறங்கினால் வான் ஊர்ந்துதான் போகும். தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராதான் எங்கள் வகுப்பறை. கொழுந்துக் கூடையை வெளியே சாய்த்துவிட்டு, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கோடு பெண்கள் உள்ளே வருவார்கள். தகரக் கோப்பையில் பாலில்லாத சாயத்தண்ணி. பெரியவர்கள் நடுவில் தவழும் குழந்தைகள். ஒருவர் நகத்தை ஒருவர் அழுத்தி ஒரே சிரிப்பு.

அவர்களில் ஒருத்தி மாரியாயி. இளம் பெண், பெரிய குரல். கணவன் சுப்பையா அவளுக்கு நேர்மாறு, பேசவே மாட்டான். அன்று எட்டிப் பார்க்க வந்த கங்காணியின் கையைப் பிடித்து நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "அய்யோ, கங்காணிக்கும் செவப்பு ரத்தந்தான் ஓடுது" என்று அவள் சொல்ல, கங்காணி உட்பட எல்லோரும் சிரித்த சிரிப்பு எனக்குள் இன்னும் இருக்கிறது.

பிறகு எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி வந்தது.

கொழும்பில் தமிழருக்கெதிராகத் தொடங்கிய கலவரம் கண்டிக்கு வந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பட்டணத்தில் தமிழர் கடைகள் எரிந்த புகை எங்கள் ஜன்னல்வரை வந்தது. கட்டுக்கலைக்குத் திரும்பிப் போக முடியாது. சிஸ்டர் என்னைத் தாதியர் விடுதிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். தன் அலுமாரியிலிருந்து ஒரு வெள்ளைச் சீருடையை எடுத்துத் தந்தார்.

"சீலைய மாத்துங்க மகள். பொட்டையும் அழிங்க."

சேலையை மாற்றிவிட்டேன். பொட்டை அழிக்கக் கை வரவில்லை. கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தேன். சிஸ்டர் தன் கைக்குட்டையை நனைத்து அவரே துடைத்தார்.

"பொட்டு பொறகு வைக்கலாம். நெத்தி ஈந்தா போதும்."

அடுத்த நாள் ஊரடங்கு. முற்பகலில் நோயாளர் வாட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. சிஸ்டரைக் கேட்டார்கள். அவர் கேட்டுவிட்டு வாயை என் காதருகே கொண்டுவந்தார். வெதமாத்தயா ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து பேசியிருக்கிறார். விடியும் வேளையில் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளான லயங்களைக் கூட்டமொன்று தாக்கியிருக்கிறது. ஓடியவர்களில் மாரியாயி தேயிலைக்கிடையில் வெட்டிய தண்ணீர்க் கானுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டாள், முழங்காலுக்குக் கீழே. சுப்பையா அவளைத் தூக்கிக்கொண்டு வெதமாத்தயாவின் வீட்டுக்கு வந்திருக்கிறான். அவர் இருவரையும் உள்ளறையில் ஒளித்து வைத்துக் காலையும் நேராக்கிக் கட்டிவிட்டார். இப்போது அவள் வலி தாங்காமல் துடிக்கிறாள். கட்டை அவிழ்த்தாயிற்று. அவிழ்த்தும் கால் வீங்கிக்கொண்டே போகிறது, பாதம் குளிர்ந்துவிட்டது. வாகனக்காரர்கள் யாரும் தமிழ்ப் பெண்ணை ஏற்ற மாட்டோம் என்கிறார்கள்.

சிஸ்டரும் நானும் சேர்ஜனிடம் போனோம். அவர் கேட்டுவிட்டு மேசையில் ஓங்கி அடித்தார்.

"நான் முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீர்கள் டொக்டர்" என்றார் சிஸ்டர். "அதனால்தான் அவர் அவிழ்த்திருக்கிறார். அதனால்தான் கூப்பிட்டிருக்கிறார்."

சேர்ஜன் எழுந்து தன் வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டினார். அம்புலன்ஸ் தனியாகப் போனால் மறிப்பார்கள், தான் முன்னால் இருந்தால் விடக்கூடும் என்றார். சாரதி தெல்தெனியவரைதான் தனக்கு வழி தெரியும் என்றார்.

"எனக்குத் தெரியும். நான் வருகிறேன்" என்றேன்.

"உனக்குப் பைத்தியமா? உன்னைப் பிடித்தால் நான் என்ன செய்வது?"

"அந்த மண்பாதைக்குப் பெயரும் இல்லை, பலகையும் இல்லை டொக்டர். வீதியில் நின்று விசாரிக்கவா போகிறீர்கள்?"

துணிச்சலான பேச்சாகத் தெரியலாம். போவதைவிட, அந்த விடுதி அறையில் தனியே இருப்பதற்குத்தான் எனக்குப் பயம் அதிகம், அதுதான் உண்மை. சிஸ்டர் என் தலையில் தாதியர் தொப்பியை வைத்து ஊசி குத்தினார். அவர் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன.

போகும்போது ஓரிடத்தில் பொலிசார் நிறுத்தினார்கள். சேர்ஜனைப் பார்த்ததும் விட்டார்கள். நான் பின்னால் மருந்துப் பெட்டியைப் பார்த்தபடி குனிந்திருந்தேன். குண்டசாலையில் ஒரு வீடு எரிந்து முடிந்து புகைந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு தையல் இயந்திரம் மட்டும் நின்றது.

வயலோர வீட்டில் வெதமாத்தயாவின் மனைவிதான் கதவைத் திறந்தார். உள்ளறையில் பாயில் மாரியாயி. அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சுப்பையா அவள் தலையை மடியில் வைத்திருந்தான். என்னை அந்த உடையில் அவள் உடனே அடையாளம் காணவில்லை. பிறகு கண்டுகொண்டாள்.

"மிஸ், நீங்களா? கட்டினப்ப நல்லாத்தான் இருந்துச்சு மிஸ். அப்பறம் கூடிக்கிட்டே போச்சு. வெரல அமுக்கிப் பாத்தேன், செவப்பு வரல. மாத்தயாகிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. நம்மள உள்ள வச்சுக் காப்பாத்துறவரு. அவரு கட்டையே கொற சொல்லுறதா?"

"சொல்லிட்டாளே" என்றார் வெதமாத்தயா வாசலில் நின்றபடி. "நல்ல வேளை, சொன்னா."

சேர்ஜன் மண்டியிட்டு அவள் காலைத் தொட்டுப் பார்த்தார். கால்விரலை மெல்ல மேலே வளைத்தார். அவள் அலறினாள். அவர் எழுந்து வெதமாத்தயாவைப் பார்த்தார். நான் ஏச்சை எதிர்பார்த்தேன்.

"எப்போது அவிழ்த்தீர்கள்?" என்றுதான் கேட்டார்.

"அவள் சொன்ன உடனே."

"சரி. கட்டியதில் பிழையில்லை, உள்ளே இரத்தம் கசிந்து சதை இறுகியிருக்கிறது. இன்னும் தாமதித்தால் கால் போய்விடும். தூக்குங்கள்."

தூக்கினோம். வெதமாத்தயா தானும் அம்புலன்ஸில் ஏறப் போனார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்தார். "நீங்கள் போனது தெரிந்தால் இந்த வீட்டை விடுவார்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. மனைவி கையை விட்டார், அவர் முன்பக்கம் ஏறினார். போய் ஒரு தலையணையை எடுத்து வந்து மாரியாயியின் காலுக்குக் கீழே வைத்தார்.

திரும்பும் வழியில், வந்தபோது இல்லாத ஒரு மரக்கிளை வீதிக்குக் குறுக்கே கிடந்தது. அதைச் சுற்றி இளைஞர்கள். கையில் பொல்லுகள். ஒருவனிடம் மண்ணெண்ணெய்க் கலன். அம்புலன்ஸ் நின்றது. "யார் உள்ளே? கதவைத் திற" என்று சத்தம். சேர்ஜன் இறங்கி, தான் டொக்டர் என்றும் உள்ளே இருப்பது நோயாளி என்றும் சொன்னார். "சிங்களமா தமிழா?" என்றான் ஒருவன். சேர்ஜன், "கால் முறிந்தவள்" என்றார். அந்தப் பதில் அவர்களைச் சமாதானப்படுத்தவில்லை. யாரோ பின்கதவைத் தட்டினார்கள். மாரியாயி தன் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். சுப்பையா என்னைப் பார்த்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். என் கையும் அவன் கையும் ஒரே மாதிரிக் குளிர்ந்திருந்தன.

அப்போது வெதமாத்தயா முன்பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். பின்னாலிருந்த சின்னக் கண்ணாடி வழியே எனக்கு அவர் முதுகு தெரிந்தது. அவர் யாரையும் அதட்டவில்லை. கலனோடு நின்றவனை உற்றுப் பார்த்தார்.

"நீ மேல் வளவுக்காரன் மகன்தானே? தோள் எப்படியிருக்கிறது?"

அவன் திகைத்தான்.

"கையை மேலே தூக்கு, பார்க்கலாம்."

பிள்ளைகளே, அவன் கலனைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். வைத்தியர் சொன்னதும் நோயாளி செய்வானே, அப்படி. வெதமாத்தயா அவன் தோளைத் தடவிப் பார்த்தார், மூட்டை அசைத்துப் பார்த்தார். "நன்றாகத்தான் சேர்ந்திருக்கிறது. பாரம் தூக்கலாம்" என்றார். பிறகு கிளையைக் காட்டி, "அப்படியானால் இதைத் தூக்கு" என்றார்.

அவன் மற்றவர்களைப் பார்த்தான். பிறகு அவன் குனிந்து கிளையின் ஒரு முனையைப் பிடித்தான். இன்னொருவன் மறுமுனையைப் பிடித்தான். யாரோ பின்னால் தூஷணம் பேசினார்கள், ஒரு கல் வந்து அம்புலன்ஸின் பக்கத்தில் விழுந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாரியாயியை நேரே சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். வெளியே நீண்ட மர வாங்கில் வெதமாத்தயா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ தடவை அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர், தியேட்டர் வாசலுக்கு வந்ததில்லை. சுப்பையா சுவரோரமாகக் குந்தியிருந்தான். சிஸ்டர் தேநீர் கொண்டுவந்து இருவர் கையிலும் வைத்தார். ஒருவரும் குடிக்கவில்லை.

சேர்ஜன் வெளியே வந்து முகமூடியை இறக்கினார்.

"சதையைத் திறந்து இறுக்கத்தை விட்டிருக்கிறேன். பாதத்தில் சூடு திரும்புகிறது. ஒரு விரலைப் பற்றி நிச்சயமில்லை, மற்றது பிழைக்கும்."

வெதமாத்தயா தலையாட்டினார். கேட்கவேண்டியதை அவரால் கேட்க முடியவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சேர்ஜனுக்கும் தெரிந்தது.

"எலும்பை நான் தொடவில்லை வெதமாத்தயா" என்றார். "நீங்கள் வைத்தது நேராகத்தான் இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்."

அவர் "வெதமாத்தயா" என்று அழைத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கிழவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் மனைவி பயந்தது நடந்தது. வீட்டுக்குக் கல்லெறிந்தார்கள், கூரை ஓடுகள் உடைந்தன, மருந்துக் கொட்டிலை எரித்தார்கள். ஆனால் அவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. எனக்கு வீட்டிலிருந்து, வடக்கே வந்துவிடு என்று சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார்கள். என்னோடு படித்த பலர் போனார்கள், அவர்கள் போனது பிழையென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நானும் பெட்டியைக் கட்டினேன். மாரியாயி வாட்டில் இருக்கும்வரை பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். பிறகு, அடுத்த வகுப்புவரை என்று நினைத்தேன். அப்படியே ஓய்வுபெறும் வரை இருந்துவிட்டேன்.

சேர்ஜன் தன் கிளினிக்கில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். நாட்டு வைத்தியரிடம் போய்வந்த நோயாளியிடம், "ஏன் அங்கே போனாய்?" என்று எந்த டொக்டரும் கேட்கக்கூடாது. "யார் கட்டினார், எப்போது கட்டினார்?" என்றுதான் கேட்கவேண்டும். முதற்கேள்விக்கு நோயாளி பொய் சொல்லுவார், இரண்டாவதற்கு உண்மை சொல்லுவார். யுத்த காலம் முழுவதும், சோதனைச் சாவடிகளுக்கும் குண்டுச் செய்திகளுக்கும் இடையில், நாங்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். உங்களுக்கு இன்று ஏதாவது எழுதிக்கொள்ளவேண்டுமென்றால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மாரியாயி கோலூன்றி நடந்தாள், பிறகு கோலில்லாமல் நடந்தாள். கொஞ்சம் சாய்வு இருந்தது. ஒரு சின்ன விரல் போய்விட்டது. அவளும் சுப்பையாவும், தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தின் கீழ், முன்பே இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தவர்கள், போவதா இருப்பதா என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர்கள். கலவரத்துக்குப் பிறகு தள்ளிப்போடவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் அவர்களை அனுப்ப, கண்டி ஸ்டேஷனுக்கு நான் போனேன். வெதமாத்தயாவும் வந்திருந்தார்.

அந்த நாட்களில் கண்டி ஸ்டேஷனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெட்டி நிறையப் போகிறவர்கள், மேடை நிறைய நிற்கிறவர்கள், எல்லோரும் ஒரே குரலாக அழுவார்கள். நாலு தலைமுறையாக இங்கே கொழுந்து பறித்தவர்கள், பார்த்தே இராத ஊருக்குப் போனார்கள். வெதமாத்தயா ஒரு போத்தல் எண்ணெயை வாழைச்சருகில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சேர்ஜன் வரவில்லை, காலின் எக்ஸ்ரே படங்களை என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மாரியாயி இரண்டையும் ஒரே பையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"குளிருக்கு இழுக்கும், ராத்திரி படுக்கறப்ப தடவு" என்றார் வெதமாத்தயா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"அங்க குளிரே இல்லையாம் மாத்தயா. வெயிலாம்."

"அப்ப வெயிலுக்குத் தடவு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சுப்பையா, எப்போதும் பேசாதவன், பெட்டிக்குள்ளிருந்து கையை நீட்டி வெதமாத்தயாவின் காலைத் தொட முயன்றான், ஜன்னலிலிருந்து எட்டவில்லை. அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ரயில் அசைந்தபோதும் விடாமல் சில அடி கூடவே நடந்தார்.

ரயில் போன பிறகும் நாங்கள் மேடையில் நின்றோம். சனம் கலைந்துகொண்டிருந்தது. வெதமாத்தயா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டத்துல பாதிப் பேரு போயிட்டாங்க" என்றார். "இனி நான் யாருகூட மிஸ் தமிழ் பேசுறது?"

"என்னோட பேசுங்கோவன்."

"நீங்க பேசுறது எனக்கு வெளங்காதே."

"பழகினா விளங்கும். பின்னேரம் வகுப்பு இருக்கு, சிஸ்டர் பாத்துக்கொண்டிருப்பா. வாங்கோ, போவம்."

அவர் அந்தச் சொற்களைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையை எடுத்தார்.

"ஓம்" என்றார்.